காய்க்காத மரம்

கடந்த வருடம் செப்டெம்பரில் எங்கள் பாடசாலைக்கு ஒரு தொகைப் பணம் வந்து சேர்ந்தது. எங்களிடம் படித்து, இப்போது கட்டாரில் தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஒன்றரை இலட்சம் ரூபா அனுப்பியிருந்தார். பணத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பாடசாலையின் முன்புறத்தை அழகுபடுத்த மரங்கள் வாங்கி நடவேண்டும். "வாசலப் பாத்த உடனே மனசு நிறையணும் சேர். ரெண்டு பக்கமும் பேரீச்ச மரம் வரிசையா நிண்டா எப்படியிருக்கும்? தோஹாவில எல்லாம் அப்படித்தான்" என்று தொலைபேசியில் சொன்னார்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளன் நான். கன்றுகளைத் தெரிவுசெய்து ஓடர் கொடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சிலாபம் வீதியோரத்தில் நாற்றுமேடை வைத்திருக்கும் ஒருவரோடு பேசினேன். அவர் தன்னிடமுள்ள அலங்கார மரங்களின் படங்களையும் விலைகளையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். நெட்டிலிங்கம், ரொபரோசியா, குல்மோகர், அரச பனை, பேரீச்சை, சரக்கொன்றை, போகன்வில்லா, வேலிக்கென்று கோனோகார்பஸ். மூன்றடிக் கன்றின் விலைக்கும் கிரேன் வைத்து இறக்கும் பத்தடி மரத்தின் விலைக்கும் இருபது மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது என்று நான் தடுமாறியபோது அவர் ஒரே கேள்வியில் விடயத்தைப் பிரித்துவைத்தார். "நெழலுக்கா சேர், பூவுக்கா, இல்லாட்டி போட்டோவுக்கா?"

குளிர் நாடுகளில் தோட்டக்காரர்கள் பனிக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடி நாற்றுமேடைகளின் பட்டியல்களைப் புரட்டி, வசந்தத்தில் நடுவதற்கான மரங்களுக்கு ஓடர் கொடுப்பார்களாம். எங்களுக்கு வசந்தம் என்று தனியாக ஒன்றில்லை. ஐப்பசியில் விழுகின்ற முதல் மழைதான் எங்கள் வசந்தம். ஆவணி, புரட்டாதியில் முடிவெடுத்து, நிலம் நனைந்தவுடன் நட்டுவிடவேண்டும். மன்னாரில் வருடத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழைதான். அதன் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு வெயில். வைகாசியிலிருந்து மணலையும் உப்பையும் வாரி இறைக்கும் சோளகக் காற்று. கிணற்றில் மேலே நிற்பது நல்ல தண்ணீர், கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். இவை எல்லாவற்றுக்கும் தப்பிப் பிழைத்த கன்றை, தெருவில் திரியும் கழுதைகளும் ஆடுகளும் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கரையில் மரங்களைத் தெரிவுசெய்கிற வேலையை நெடுங்காலமாக மண்தான் செய்துவந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, பாலைக்குளி, அடம்பன். எருக்கலையையும் விடத்தலையும் பாலையையும் அடம்பன் கொடியையும் யாரும் ஓடர் கொடுத்து வரவழைக்கவில்லை. அவை முதலில் வந்து நின்றன. மனிதர் பிறகு வந்து அவற்றின் பெயர்களைத் தங்கள் ஊர்களுக்கு இட்டுக்கொண்டனர். இப்படிப்பட்ட மண்ணில் "எந்த மரம் அழகு?" என்று பட்டியலைப் பார்த்துத் தெரிவுசெய்ய உட்கார்ந்தபோது, அதுவரை நான் யோசித்திராத ஒரு கேள்வி எதிரே வந்து நின்றது. அழகுக்காக மட்டும் ஒரு மரத்தை நடுவதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

சங்கக் கூட்டத்தில் இதே கேள்வியைப் பொருளாளர் வேறு மாதிரிக் கேட்டார். "காய்க்காத மரத்துக்குத் தண்ணி ஊத்துறது இஸ்ராஃப் இல்லையா? அந்தத் தண்ணிய ஒரு முருங்கைக்கு ஊத்தினா பிள்ளைகளுக்குக் கறியாகுமே." கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். ஓடும் ஆற்றங்கரையிலிருந்து வுளூச் செய்தாலும் நீரை விரயமாக்கக்கூடாது என்று கற்ற சமூகம் நாம். மரம் நடுவதன் சிறப்பைப் பேசும்போதெல்லாம் நாம் எடுத்துக்காட்டும் நபிமொழியும், நட்ட மரத்திலிருந்து மனிதனோ மிருகமோ பறவையோ உண்பதைத் தர்மமாகக் கணக்கிடுவதுதான். எங்கள் மூதாதையர் போற்றிய பனையும் பயனின் மரம். ஓலை, மட்டை, கிழங்கு, பனாட்டு, மரம் என்று அதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சொல்லப்போனால் அது ஒரு காலத்தில் என்னுடைய வாதமாகவே இருந்தது. அதை நான் எங்கே கற்றேன் என்பதைச் சொல்லவேண்டும்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் தம் ஊர்களை விட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் கடற்கரையில் காத்திருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனோம். பிறகு புத்தளத்தில் ஒருவர் தன் தென்னங்காணியின் ஒரு மூலையை எங்களுக்கும் இன்னும் பல குடும்பங்களுக்கும் விட்டுக்கொடுத்தார். ஓலைக் குடிசை போட்டுக்கொண்டோம். காணிக்காரர் நல்ல மனிதர். வாடகை கேட்டதில்லை. ஒரேயொரு விடயத்தை மட்டும் சொல்லிவைத்திருந்தார். வருடக்கணக்கில் நிற்கிற மரம் எதையும் நடக்கூடாது.

அவருடைய பயம் எங்களுக்கும் விளங்கியது. இந்நாட்டில் மரம் நட்டவன் நிலத்துக்கு உரித்துப் பேச வந்த கதைகள் ஏராளம். ஆகவே எங்கள் குடிசையைச் சுற்றி முருங்கை, பப்பாசி, வாழை, கத்தரி, மிளகாய் இவைதான். எல்லாமே அவசரமாகக் காய்ப்பவை, அவசரமாக முடிபவை. ஒருமுறை உம்மா எறிந்த மாங்கொட்டை ஒன்று குசினிக்குப் பின்னால் முளைத்துவிட்டது. கருஞ்சிவப்பாக நாலு இலைகள். நானும் தங்கையும் அதற்கு வேலி கட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை காணிக்காரர் வந்து அதைப் பார்த்தார், வாப்பாவையும் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். அன்று அஸருக்குப் பின் வாப்பா தானாகவே அதைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வேலிக்கு வெளியே போட்டார். மரம் என்றால் எதையாவது தரவேண்டும், அதையும் சீக்கிரம் தரவேண்டும், தந்துவிட்டுப் போய்விடவேண்டும் என்பது அந்த வயதில் என் மனதில் பதிந்த பாடம்.

2010இல் நாங்கள் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. நடுஅறையில் ஒரு வேம்பு தடித்து நின்றது. கிணறு தூர்ந்திருந்தது. கிணற்றைத் துப்புரவாக்கி முடித்த வாரத்தில் வாப்பா புத்தளம் போய்வந்தார். அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றிவருகிற பஸ்ஸில், மடியில் ஒரு கன்றை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சரக்கொன்றைக் கன்று. கூரைக்குத் தகரம் வாங்கக் காசில்லாத நேரம். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு தென்னையோ மாவோ கொண்டுவந்திருக்கலாமே வாப்பா. இது பூத்துக் கொட்டுறதத் தவிர என்னத்துக்கு?" என்று கேட்டேன். அவர் குழியை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். "காய்க்கிற மரத்த அங்கயும் நட்டமே மகன். இது வீட்டுக்காரன் நடுற மரம்."

அந்தப் பதிலின் பொருள் எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்தக் கொன்றை ஆறு வருடம் கழித்து ஒரு சித்திரையில் முதன்முதலாகப் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உதிர்ந்த பூவை யார் கூட்டுவது என்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் தினமும் காலையில் சண்டை நடந்தது. அடுத்த வருடம் வாப்பா மௌத்தானார். சங்கக் கூட்டத்தில் பொருளாளர் இஸ்ராஃப் என்று சொன்னபோதுதான் வாப்பாவின் சொல் எனக்கு முழுதாக விளங்கியது.

பயன்தரும் மரத்தை அகதியும் நடுவான், பயந்தவனும் நடுவான். பசி அவனை நடச்செய்யும். ஒன்றும் தராத மரத்துக்குத் தண்ணீர் சுமப்பவன் வேறு ஒரு காரியத்தைச் செய்கிறான். இந்த மரம் பூக்கும்வரை நான் இங்கே இருப்பேன், என்னை யாரும் எழுப்பிவிடமாட்டார்கள் என்று அவன் நம்புகிறான். அந்த நம்பிக்கையைத் தெருவில் போகிறவர்கள் காணும்படியாக முற்றத்தில் வைக்கிறான். அலங்கார மரம் வசதியின் அடையாளம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இருபது வருடம் மரம் நட உரிமையில்லாமல் இருந்தவர்களுக்கு அது குடியிருப்பின் அடையாளம்.

மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடும்படி ஏவுகின்ற நபிமொழியையும் நாம் அறிவோம். இமாம் அஹ்மதின் முஸ்னதிலும் இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதிலும் அது பதிவாகியிருக்கிறது. அங்கே வரும் 'ஃபஸீலா' என்ற சொல் பேரீச்சங் கன்றைக் குறிப்பது. உலகமே முடியப்போகிறபோது அந்தக் கன்று காய்க்கப்போவதில்லை, நிழல் தரப்போவதுமில்லை. அப்படியிருந்தும் நடு என்கிறார்கள். பயனை வைத்து மட்டும் மரத்துக்கு நியாயம் தேடுபவர்கள் இந்த நபிமொழியோடும் கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஆனால் நம்பிக்கைக்காக நடுவது என்று ஒப்புக்கொண்டாலும் எந்த மரத்தை என்ற கேள்வி எஞ்சிநிற்கிறது. அது சின்னக் கேள்வி இல்லை. முற்றத்து மரம் நம்மைப் பற்றி மற்றவர்களுக்கு எதையோ சொல்லிக்கொண்டே நிற்கிறது.

அகதி நட்ட அலங்கார மரங்களில் மிகப் புகழ்பெற்றது முதலாம் அப்துர் ரஹ்மானின் பேரீச்சை. 750இல் உமையாக்களின் ஆட்சி வீழ்ந்து குடும்பத்தவர் கொல்லப்பட்டபோது தப்பியோடிய இளைஞர் அவர். வட ஆபிரிக்கா வழியாக 755இல் ஸ்பெயினில் இறங்கி, அடுத்த வருடம் குர்துபாவில் அமீரானார். நகருக்கு வெளியே மாளிகையும் தோட்டமும் அமைத்து, தன் பாட்டனார் சிரியாவில் கட்டிய ரூஸாஃபாவின் பெயரையே அதற்கு வைத்தார். அங்கே நின்ற பேரீச்சையைத் தன்னைப்போல் நாடிழந்த ஒன்றாகக் கண்டு அவர் கவிதை சொன்னார் என்பர். அல்லாமா இக்பால் 1935இல் வெளிவந்த 'பாலே ஜிப்ரீலில்' அந்தப் பேரீச்சையைப் பற்றித் தானும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அப்துர் ரஹ்மான் நட்டது ஞாபகத்தின் மரம். அதன் முகம் சிரியாவைப் பார்த்திருந்தது. ஆயினும் மரங்கள் நட்டவரின் ஏக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் உருவான எல்ச்சே நகரத்துப் பேரீச்சந்தோப்பை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. இன்று அது ஸ்பானியரின் பெருமை.

இதற்கு நாம் ஸ்பெயின்வரை போகவேண்டியதில்லை. மன்னார் நகரையடுத்த பள்ளிமுனைக்குப் போனால் போதும். அங்கே நிற்கிற பெருக்கமரத்தின் அடிச் சுற்றளவு இருபது மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உயரமோ அதில் பாதிகூட இல்லை. குந்தியிருக்கும் யானையைப் போன்ற மரம். ஆபிரிக்காவுக்குச் சொந்தமான அதை அராபிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள், தங்கள் ஒட்டகங்களுக்குத் தழை வேண்டி நட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் மன்னாரின் பெருக்கமரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. இன்று மன்னாருக்கு வருகிறவர்கள் சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ வெள்ளைக்காரரோ, அதனடியில் நின்று படமெடுக்காமல் திரும்புவதில்லை. ஒட்டகங்கள் போய்விட்டன, வணிகரும் போய்விட்டனர். அந்த மரத்தைப் பார்த்து நீ எந்த நாட்டுக்காரன் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் காலம் சென்றால் எந்த மரமும் ஊர்மரமாகிவிடுமா? ஆகாது. சீமைக் கருவேலும் கடல்கடந்து வந்ததுதான். நமக்கெதிரே இராமநாதபுரத்தில் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் அது மூடிக்கிடப்பதைக் கடல்கடந்து போய்வந்த எவரும் கண்டிருப்பர். இலங்கையின் தென்கோடியில் பூந்தல தேசியப் பூங்காவையும் அது நெருக்குகிறது. வந்து எத்தனை தலைமுறையானாலும் அதற்கு யாரும் பந்தி விரிக்கவில்லை. நாற்றுமேடைக்காரர் வேலிக்குச் சிபாரிசு செய்த கோனோகார்பஸும் அப்படியே. சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும். வேர் போய்த் தண்ணீர்க் குழாய்களையும் வடிகால்களையும் உடைக்கிறது என்று 2023இல் குஜராத் அரசு அதை நடுவதற்குத் தடைவிதித்தது. எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டும், வந்து எத்தனை காலம் என்பதைக் கொண்டும் ஒரு மரத்தின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்று இவற்றிலிருந்து விளங்கிக்கொண்டேன். பக்கத்தில் நிற்பதற்கு இடம் விடுகிறதா என்பதுதான் கேள்வி. பெருக்கமரம் பிறர் நிற்க இடம் விட்டது. கருவேல் விடவில்லை.

இதுவரை எழுதியது எளிதான பகுதி. இனிச் சொல்வது என்னைப் பற்றியது.

கூட்டத்தில் பேரீச்சை வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். நம்முடைய உவர்த் தண்ணீருக்கு அது சரிவராது என்றேன். எங்கள் விஞ்ஞான டீச்சர் மெதுவாகச் சிரித்தார். "சேர், உப்பைத் தாங்குறதில பேரீச்சைய மிஞ்சின பழமரம் கிடைக்கிறது கஷ்டம். பட்டியல்ல இருக்கிறதில நம்மட மண்ணுக்குப் பொருத்தமானதே அதுதான்." அவர் சொன்னது சரி. நெட்டிலிங்கத்தையோ ரொபரோசியாவையோவிட அது இங்கே நன்றாக நிற்கும். நான் வேறு காரணம் தேடத் தொடங்கினேன். ஆண்மரம் காய்க்காது, பெண்மரத்துக்குக் கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும், யார் ஏறுவது என்றேன். மூலையில் இருந்த மீன்வியாபாரி காக்கா ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மாஸ்டர், தண்ணிதான் காரணமா, பயமா?"

நான் பதில் சொல்லவில்லை.

2003இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் புத்தளத்திலிருந்து காத்தான்குடி வழியாகத்தான் போய்வருவேன். அப்போது அந்தப் பிரதான வீதியில் பேரீச்சை கிடையாது. போர் முடிந்து சில வருடங்களின் பின் ஒரு செயலமர்வுக்காகப் போனபோது வீதியின் நடுவே அவை வரிசையாக நின்றன. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது. கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. தாக்குதலுக்குத் தலைமைதாங்கியவன் அந்த ஊரைச் சேர்ந்தவன் என்று தெரியவந்த பின்னர், அந்தப் பேரீச்சைகளும் விசாரணைக்கு ஆளாயின. பத்திரிகைகளில், தொலைக்காட்சியில், அரசியல் மேடைகளில் அவை அரபுமயமாதலின் சான்றாகக் காட்டப்பட்டன. என் தொலைபேசியிலிருந்த படத்தை நான் அழித்தேன்.

எங்கள் தீவில் அயலவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எங்கள் பாடசாலை வாசலுக்கு முன்னாலுள்ள பஸ் தரிப்பிடத்தில் அவர்களும் நாங்களும் ஒன்றாகத்தான் நிற்போம். அந்த ஏப்ரலுக்குப் பின் சில வாரங்கள் அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை. யாரும் ஏசவுமில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. பிறகு ஒருநாள் ஒரு வயோதிப மாது, பஸ் வரவில்லை என்று என்னிடம் முறைப்பட்டார். எனக்குப் போன உயிர் வந்ததுபோல் இருந்தது. அந்தத் தரிப்பிடத்துக்கு நேரெதிரே பேரீச்சை வரிசை நிற்பதை நினைத்தபோதுதான் எனக்குத் தண்ணீரும் மகரந்தமும் ஞாபகம் வந்தன.

மரத்தின்மீது குற்றம் சாட்டியவர்கள் சொன்னது நியாயமில்லை. வெளிநாட்டு மரம் என்பதே குற்றமானால் இந்நாட்டின் வீதிகளில் பாதி மரங்களைத் தறிக்கவேண்டிவரும். சித்திரை வெயிலில் சிவந்து பூக்கும் குல்மோகர் மடகஸ்காரிலிருந்து வந்தது. 1821இல் பேராதனையில் அமைந்த தாவரவியற் பூங்காவுக்கு நாடு பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற அரச பனைகளின் தாயகம் கரிபியன் கரைகள். அவற்றை யாரும் கரிபியமயமாதல் என்று சொன்னதில்லை. மரம் எங்களுக்கெதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது அதுவே முதல்முறையுமன்று. தெற்கே முசலியில், வெளியேற்றப்பட்ட மக்களின் நிலங்களில் இருபது வருடங்களாகக் காடு வளர்ந்தது. அவர்கள் திரும்பிவந்து அதை வெட்டியபோது காடழிப்பாளர் எனப்பட்டனர். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் பிரகடனமாகியபோது, ஒரு காலத்தில் தாம் குடியிருந்த இடமும் காட்டுக்குள் போய்விட்டதென்று அவர்கள் மறியல் இருந்தார்கள். காட்டைக் காக்கவேண்டும் என்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரில் மனிதர் இல்லாத காலத்தை மட்டும் பார்த்த மரம் முழுச்சாட்சி ஆகாது.

மற்றவர் செய்த அநியாயத்தைச் சொன்னவுடன் நம்முடைய கணக்கு முடிந்துவிடுவதில்லை. காத்தான்குடியில் நான் படம் பிடித்தபோது எனக்கு வந்த பெருமை எதைப் பற்றியது என்று இப்போது கேட்டுப்பார்க்கிறேன். நிழல் என் நினைவில் வரவில்லை. அந்த மரங்களின் கீழ் யார் இருப்பார்கள் என்றும் நான் யோசிக்கவில்லை. பார், நாங்கள் யார் என்று அது சொல்வதாக எனக்குத் தோன்றியது, அதுவே பிடித்திருந்தது. 2019க்குப் பின் அதே மரத்தை ஒதுக்க நினைத்தபோதும் அடுத்தவர் கண்ணைப் பார்த்துத்தான் ஒதுக்கினேன். காட்டுவதற்காக நடுவதும், கண்ணில் படக்கூடாது என்று நடாமல் விடுவதும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் மரத்தை மறந்துவிடுகிறோம். மண்ணை மறந்துவிடுகிறோம். அதன் கீழ் வந்து நிற்கப்போகிற மனிதரையும் மறந்துவிடுகிறோம். வாப்பா கொன்றையை நட்டபோது யாருக்கும் எதையும் நிரூபிக்க நினைத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் அதைப் பார்க்கத் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள் போலும்.

அடுத்த கூட்டத்தில் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று யோசனைகளை மட்டும் வைத்தேன். முதலாவது, பெரிய மரங்களை இறக்குவதில்லை, மூன்றடிக் கன்றுகளை வாங்குவது. கிரேனில் வரும் மரத்தைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். கன்றென்றால் வகுப்புக்கு ஒன்றாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டாவது, அழகுக்கென்று நடுபவற்றில் பாதியை மதிலுக்கு வெளியே, பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி நடுவது. நம்முடைய பணத்தில் நம்முடையவர் அல்லாதவரும் நிழலில் நிற்கட்டும். மூன்றாவது, எஞ்சும் காசில் கம்பிக் கூடும் குழாயும் வாங்குவது. கழுதைகளின் கருத்தையும் மதிக்கவேண்டும் அல்லவா?

பொருளாளரின் முருங்கைக்குக் கிணற்றடியில் இடம் கிடைத்தது. பட்டியல் இப்படி முடிந்தது: சரக்கொன்றை ஆறு, பூவரசு நான்கு, வேம்பு நான்கு, குல்மோகர் இரண்டு, பேரீச்சை இரண்டு. கட்டாரிலிருக்கும் மாணவருக்கு முதலில் மனத்தாங்கல். "ரெண்டேதானா சேர்?" என்றார். பிறகு, ஒவ்வொரு வருடமும் ஒரு படம் அனுப்பினால் போதும் என்று சமாதானமாகிவிட்டார்.

ஐப்பசி மழை கொஞ்சம் பிந்தியது. நவம்பர் முதல் வாரத்தில் நட்டோம். இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. வேம்பில் ஒன்றும் கொன்றையில் இரண்டும் சோளகத்தில் கருகிவிட்டன. ஒரு பூவரசைக் கூட்டோடு சேர்த்துக் கழுதை தின்றது. மற்றவை நிற்கின்றன. பஸ் தரிப்பிடத்துக் கொன்றை ஒன்றுக்கு அந்த வயோதிப மாது தன் போத்தலில் மிஞ்சுகிற தண்ணீரை ஊற்றிவிட்டு பஸ் ஏறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரீச்சை இரண்டையும் மதிலுக்கு உள்ளேதான் நட்டோம். நடும் நாளில் ஒருவர் "உள்ளுக்கு வைப்போமே" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் உள்ளே இருப்பதால் அவ்வாறு நடப்பட்டது என்று கூட்ட அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. அறிக்கையை எழுதியவன் நான். குழாய் வாசலுக்கு வெளியேயும் எட்டும்.

பேரீச்சை வளர்ந்து சில வருடங்களில் அடியில் பக்கக் கன்றுகள் விடும் என்று விஞ்ஞான டீச்சர் சொல்கிறார். தாய்மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுத்து வேறிடத்தில் நடலாமாம். முதற் கன்றைப் பிரித்தெடுத்து மதிலுக்கு வெளியே கொன்றைகளோடு கொன்றையாக நடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குமுன் அந்த அறிக்கையைத் திருத்தவேண்டும்.